கிரீனில் வாட்டம் பார்ப்பது எப்படி?
வீடியோ கேம் கோல்ஃப்: வாசகர் கேள்வி – பதில்

ஆன்லைன் கோல்ஃப் போட்டிகள் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிரீனைப் பற்றியே கேட்கின்றன. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைதான் கிரீன். அங்கே பந்தை உருட்டி அடிப்பது பட். இருநூறு கஜம் பிசகாமல் அடிப்பவர்கள் கடைசி இருபது அடியில் மூன்று பட் போட்டுப் பட்டியலில் கீழே இறங்கிவிடுகிறார்கள்.

குளியலறைத் தரை போடும் கொத்தனார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பார்த்து 'வாட்டம்' விடுவார். கிரீனில் நாம் பார்ப்பதும் அந்த வாட்டம்தான். எந்தப் பக்கம் வாட்டம் என்பதைக் கண்டுபிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதனால் இந்த முறை பதில்களில் எண்கள் கொஞ்சம் அதிகம்.

கேள்வி: ஒரு அங்குலம் ஏற்றத்துக்கு ஒரு அடி கூட்டு, ஒரு அங்குலம் இறக்கத்துக்கு ஒரு அடி குறை என்று நண்பர் சொல்லிக்கொடுத்தார். பழகிய மைதானத்தில் அது கச்சிதமாக வேலை செய்கிறது. வாரப் போட்டியில் போய் அடித்தால் ஏற்றத்தில் பந்து குழிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது, இறக்கத்தில் எங்கோ ஓடிப்போகிறது. விதி தவறா, என் கை தவறா?
— சேலம் வாசகர்

பதில்: இரண்டுமே தவறில்லை. அந்த விதி ஒரே ஒரு தரை வேகத்துக்கு மட்டும் பொருந்துவது. போட்டி நடத்துபவர்கள் அந்த வேகத்தை ஏற்றிவிடுகிறார்கள்.

கிரீனின் வேகத்தைச் சொல்லும் எண்ணுக்கு ஸ்டிம்ப் என்று பெயர். 1935-இல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஜீன் சாரஸன் என்ற வீரர் அடித்த பட் கிரீனைத் தாண்டி மணல் பள்ளத்தில் போய் விழுந்ததைப் பார்த்து, எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் ஓர் அளவுகோல் செய்தார். முதலில் மரத்தில் இருந்ததை 1970-களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அலுமினியத்துக்கு மாற்றி எடுத்துக்கொண்டது. 36 அங்குல நீளப் பட்டை, நடுவே பள்ளம், ஒரு முனைக்கு அருகே பந்து உட்காரும் குழிவு. அந்த முனையை மெல்லத் தூக்கினால் சுமார் 20 டிகிரி வரும்போது பந்து தானாக உருண்டு இறங்கும். சமதரையில் அது எத்தனை அடி ஓடி நிற்கிறதோ, அதுதான் ஸ்டிம்ப் எண். 8 என்றால் மெதுவான தரை. 12, 13 என்றால் பெரிய போட்டிக்காகத் தயாரித்த வழவழப்பான தரை.

பட்டையை விட்டு இறங்கும்போது பந்தின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 6 அடி. இந்த ஒரு விவரத்தை வைத்தே தரையின் தடை எவ்வளவு, ஓர் அங்குல உயரம் எத்தனை அங்குல ஓட்டத்துக்குச் சமம் என்றெல்லாம் கணக்குப் போட்டுவிடலாம். உருளும் பந்தில் ஈர்ப்பு விசையின் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடும். ஏழில் ஐந்து பங்குதான் ஓட்டத்துக்குக் கிடைக்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வரும் வாய்பாடு எளிமையானது. *ஸ்டிம்ப் எண்ணோடு அதில் கால் பங்கைக் கூட்டுங்கள். அதுதான் உங்கள் பெருக்கு எண்.* வேகம் 8 என்றால் 10. வேகம் 12 என்றால் 15. வேகம் 13 என்றால் 16-க்குச் சற்று மேல். ஓர் அங்குல ஏற்றம் என்றால் அத்தனை அங்குலம் கூட்டி அடிக்க வேண்டும், இறக்கம் என்றால் அத்தனை அங்குலம் குறைக்க வேண்டும்.

உங்கள் நண்பரின் விதி எங்கே பொருந்துகிறது என்று இப்போது தெரியும். வேகம் 9-இல் பெருக்கு எண் 11 சொச்சம், 10-இல் 12½. ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி, அதாவது 12 அங்குலம், இந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக உட்காருகிறது. 20 அடி பட், 6 அங்குல ஏற்றம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் 9-இல் 25½ அடிக்கு அடித்தால் போதும். வேகம் 13-இல் 28 அடி வேண்டும். அதே பட் இறக்கமாக இருந்தால் வேகம் 9-இல் 14½ அடி, வேகம் 13-இல் வெறும் 12 அடி. நீங்கள் இழந்த பட்டெல்லாம் இந்த இரண்டரை அடியில்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. இது நிஜத் தரையின் கணக்கு. ஆட்டத்தை எழுதியவர்கள் இதை ஒட்டியே எழுதியிருப்பார்கள், ஆனால் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில ஆட்டங்களில் வேகத்துக்கு எண்ணே இருக்காது, மெது, நடுத்தரம், வேகம் என்று மட்டும் போட்டிருக்கும். ஆகவே போட்டிக்கு முன் பயிற்சித் தரையில் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். முதலாவது, சமதரையில் 20 அடிக்கு மூன்று முறை அடித்துப் பந்து எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. சில ஆட்டங்களில் மீட்டர், அதாவது அடியின் பலத்தை நிறுத்திக் குறிக்கும் திரைப் பட்டை, தரையின் வேகத்துக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும், சிலவற்றில் மாறாது. அது இதில் தெரிந்துவிடும். இரண்டாவது, பக்கச் சரிவு இல்லாத நேர் ஏற்றம் ஒன்றைத் தேடி, குழியில் சரியாகப் போய் நிற்க எத்தனை அடிக்கு அடிக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. அதிகமாகத் தேவைப்பட்ட அடிகளை அங்குலமாக்கி ஏற்ற அங்குலத்தால் வகுத்தால் அந்த ஆட்டத்தின் பெருக்கு எண் கிடைக்கும். அதை ஒரு சீட்டில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திரையில் கிரீன் மேல் காட்டும் கட்டங்களில் புள்ளிகள் ஓடுவது தெரிகிறது. வேகமாக ஓடினால் சரிவு அதிகம் என்பதும் புரிகிறது. ஆனால் குழிக்கு எத்தனை அங்குலம் தள்ளிக் குறி வைப்பது என்பது மட்டும் குத்துமதிப்பாகவே இருக்கிறது. கணக்கு ஏதாவது உண்டா?
— திருச்சி வாசகி

பதில்: உண்டு. மேலே சொன்ன பெருக்கு எண்ணில் பாதிதான் அது.

முதலில் பக்கச் சரிவை அளக்க வேண்டும். குறி பந்தைவிட எத்தனை அங்குலம் உயரம் அல்லது தாழ்வு என்று திரை காட்டும் உயர எண், குறியை நகர்த்தும்போது கூடவே மாறுகிற ஆட்டம் என்றால் உங்களுக்கு வசதி. குறியைக் குழிக்கு இடப்பக்கம் 5 அடி தள்ளி வைத்து உயரத்தைப் பாருங்கள். வலப்பக்கம் 5 அடி தள்ளி வைத்து மறுபடி பாருங்கள். இடப்பக்கம் அரை அங்குலம் உயர்ந்தும் வலப்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்தும் இருந்தால், 10 அடிக்கு ஓர் அங்குல வாட்டம். பந்துக்கும் குழிக்கும் நடுவழியிலும் இப்படி ஒருமுறை அளந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உயர எண் மாறாத ஆட்டங்களில் புள்ளியின் ஓட்டத்தைத்தான் நம்ப வேண்டும். பயிற்சித் தரையில் உயரம் தெரிந்த ஒரு நேர் இறக்கத்தில் புள்ளி ஒரு கட்டத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு, மற்ற சரிவுகளை அதோடு ஒப்பிடலாம்.

இனி கணக்கு. 10 அடிக்கு ஓர் அங்குலம் என்றால் 20 அடி பட்டுக்கு 2 அங்குலம். வேகம் 12, பெருக்கு எண் 15, அதில் பாதி ஏழரை. 2 × 7½ = 15 அங்குலம். மேட்டுப் பக்கமாக 15 அங்குலம் தள்ளிக் குறி வைத்து, பந்து குழி விளிம்பை எட்டும்போது ஓட்டம் தீர்ந்து 'உயிர் போகும்' மெல்லிய வேகத்தில் அடித்தால் உள்ளே விழும். இது ஏற்ற இறக்கம் இல்லாத பட்டுக்கு.

ஏற்றமோ இறக்கமோ சேர்ந்தால் இந்த 15 மாறிவிடும். அனுபவசாலிகளே கோட்டைவிடும் இடம் இது. அதே 20 அடி, 6 அங்குல இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்க வேண்டிய தூரம் 20-இல் இருந்து 7½ போக 12½ அடி. உண்மையான தூரத்தை அடிக்கும் தூரத்தால் வகுங்கள்: 20 ÷ 12½ = 1.6. வளைவையும் அதே 1.6-ஆல் பெருக்க வேண்டும். 15 அங்குலம் 24 ஆகிவிடும், முழுசாக இரண்டு அடி. 6 அங்குல ஏற்றம் என்றால் 20 ÷ 27½, ஏறக்குறைய 0.73. வளைவு 11 அங்குலம்தான். ஒரே பக்கச் சரிவு, ஒரே தூரம். கீழிருந்து அடித்தால் 11, மேலிருந்து அடித்தால் 24. இறக்கத்தில் பந்து மெல்லக் கிளம்பி நெடுநேரம் ஓடுகிறது. பக்கச் சரிவு அத்தனை நேரமும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இறக்கத்தில் இன்னொரு வினையும் உண்டு. மீட்டரில் நீங்கள் ஓர் அடி கூடுதலாக நிறுத்திவிட்டால் பந்து ஓர் அடி அல்ல, 1.6 அடி கூடுதலாக ஓடும். பிழையும் அதே விகிதத்தில் பெருகும்.

வளைவு பட் நீளத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டும்போது இந்தக் கணக்கு தளர ஆரம்பிக்கும். அதற்குள் இருக்கும்வரை நம்பலாம்.

கேள்வி: முதலில் இடது, பிறகு வலது என்று இரண்டு பக்கம் வளையும் பட்டில் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நேராக அடிக்கிறேன். ஒருமுறைகூட விழவில்லை.
— கோவை வாசகர்

பதில்: இரண்டு சரிவும் ஒரே அளவாகத் தெரிந்தாலும் சரிக்கட்டிவிடும் என்று நம்பிவிட முடியாது. நேரத்தைப் பாருங்கள், காரணம் விளங்கும். குழியில் உயிர் போகும் வேகத்தில் அடித்த பந்து, பாதி தூரத்தை மொத்த நேரத்தில் முப்பது சதவீதத்துக்குள் கடந்துவிடும். மீதிப் பாதிக்கு எழுபது சதவீதம். இன்னும் துல்லியமாகச் சொன்னால், கடைசிக் கால் பங்கு தூரத்துக்கு மட்டும் மொத்த நேரத்தில் சரிபாதி போகிறது. 24 அடி பட்டில் அது கடைசி 6 அடி.

அதனால் எப்போதும் குழியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். கடைசிக் கால் பங்கில் புள்ளிகள் வலப்பக்கம் ஓடினால் இது வலப்பக்கம் வளையும் பட்தான். முதல் பாதியின் இடது சரிவு அதிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்ளும். ஆனால் அந்த முதல் பாதியை அறவே தள்ளிவிடவும் கூடாது. தொடக்கத்தில் பந்தின் திசையே சற்றுத் திரும்பிவிட்டால், அந்தக் கோணத்தோடுதான் மீதி தூரம் முழுக்கப் போகும். இரண்டும் சம அளவுச் சரிவு என்றால், கடைசிச் சரிவுக்குத் தனியாகக் கணக்கிட்ட வளைவில் ஒரு சிறு பங்கை மட்டும் முதல் முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பந்து எந்தப் பக்கம் தவறியது என்று பார்த்துத் திருத்தலாம்.

கேள்வி: இரண்டு தட்டு கிரீனில் கொடி கீழ்த்தட்டில், பந்து மேல்தட்டில். எவ்வளவு மெதுவாக அடித்தாலும் குழியைத் தாண்டிப் போய்விடுகிறது.
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: சில இடங்களில் அந்தப் பந்தைக் குழியில் நிறுத்தவே முடியாது. அதை அடிக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

தட்டுகளுக்கு நடுவே ஒன்றரை அடி உயர வித்தியாசம், வேகம் 11 என்று கொள்வோம். பெருக்கு எண் ஏறக்குறைய 14. 18 அங்குலம் × 14 = 252 அங்குலம், அதாவது 21 அடி. குழி 30 அடி தூரத்தில் இருந்தால் 9 அடிக்கு அடிக்கச் சொல்லும் கணக்கு. ஆனால் மேல்தட்டின் விளிம்பே 12 அடி தள்ளி இருக்கிறது என்றால் 9 அடிக்கு அடித்த பந்து மேலேயே நின்றுவிடும். விளிம்பைத் தொட 12 அடி வேண்டும். தொட்டுவிட்டால் இறங்கும் வேகத்தில் இன்னும் 21 அடி ஓடும். 12 + 21 = 33. குழியைத் தாண்டி 3 அடியில்தான் நிற்கும். அதைவிட மெதுவாக அடிக்க வழியே இல்லை.

இது தெரிந்தால் தேவையற்ற பதற்றம் போய்விடும். விளிம்பை மட்டும் தாண்டும்படி அடித்து, 3 அடி திரும்பு பட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். பந்து வழியில் குழியைச் சந்தித்து உள்ளே விழுந்தால் கூடுதல் லாபம். விளிம்புக்கு முன்னால் நின்றுவிடுவதுதான் பெரிய இழப்பு, அதே பட் மறுபடியும் காத்திருக்கும். ஆகவே விளிம்புக்கு ஓர் அடி கூடுதலாகவே வையுங்கள்.

கீழிருந்து மேல் ஏற்றுவதானால் 30 + 21 = 51 அடி. கை கூசும் அளவுக்குப் பெரிய எண் என்பதால் பலர் 35-இல் நிறுத்திவிடுவார்கள். ஏறி முடிக்காத பந்து சரிவில் திரும்பி உங்கள் காலடிக்கே வந்து சேரும்.

கேள்வி: மெல்ல அடித்து அதிக வளைவு கொடுப்பதா, வேகமாக அடித்து வளைவைக் குறைப்பதா? எது நல்லது?
— மதுரை வாசகி

பதில்: குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்தின் அகலம் 43-க்குச் சற்றுக் குறைவு. மெல்ல வரும் பந்துக்கு முழு வாயும் திறந்திருக்கும். வேகமாக வரும் பந்து விளிம்பில் பட்டால் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும், நடுவே வந்தால்தான் விழும். இன்னொரு பக்கம், வேகம் வளைவைக் குறைக்கிறது. 10 அடி பட்டில் 15 அங்குல வளைவு இருக்கிறது என்றால், குழியைத் தாண்டி ஒன்றரை அடி போய் நிற்கும் வேகத்தில் அது சுமார் 10½ அங்குலமாகிவிடும். வளைவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

நாசாவில் வேலை பார்த்துவிட்டு கோல்ஃப் பயிற்றுநரான டேவ் பெல்ஸ், குழியைத் தாண்டி 17 அங்குலம் போகும் வேகம்தான் சிறந்தது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார். வீடியோ கேமில் ஏற்ற பட்டுக்கும் சமதரைப் பட்டுக்கும் அந்த அளவையே வைத்துக்கொள்ளலாம். இறக்க பட்டுக்கு மட்டும் வேண்டாம். அங்கே உயிர் போகும் வேகமும் முழு வளைவும்தான். தவறினாலும் அடுத்தது ஓரடி பட்டாக இருக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் வேகத்தை முதலில் முடிவு செய்யுங்கள், குறியைப் பிறகு வையுங்கள். குறியை வைத்துவிட்டு, கடைசி நொடியில் 'கொஞ்சம் கூட்டி அடிப்போம்' என்று மனதை மாற்றினால் அந்தக் குறியே தவறாகிவிடும்.

கேள்வி: கணினியில் நன்றாக விளையாடுகிறேன். அதே ஆட்டத்தைப் பெரிய டிவியில் போட்டால் மீட்டரை நிறுத்துவது எப்போதும் தாமதமாகிறது.
— யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரம்தான் காரணம். மீட்டர் தன் முழு நீளத்தை ஒரு விநாடியில் ஓடுகிறது, டிவி 50 மில்லி விநாடி தாமதமாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் பிழை 5 சதவீதம். மீட்டர் 40 அடிக்கு அமைந்திருந்தால் அது 2 அடி.

டிவி அமைப்பில் கேம் மோட் இருக்கும், அதைப் போடுங்கள். அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கன்ட்ரோலரை ஒயர் வழியே இணைத்துப் பாருங்கள். ஓசையை வைத்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் ப்ளூடூத் இயர்போன் வேண்டாம், ஓசை படத்துக்குப் பிந்தி வரும். கைப்பேசியில் விளையாடுபவர்கள் பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிட வேண்டும். அது திரை புதுப்பிக்கும் வேகத்தைக் குறைத்து மீட்டரைத் தத்தித் தத்தி ஓட வைக்கும்.

இன்னொன்று, மீட்டரின் அளவை மாற்றும் வசதி பட்டரில் (பட் அடிக்கும் கோல்) இருந்தால் தேவைக்கு மேல் பெரிய அளவை வைக்காதீர்கள். 15 அடி பட்டுக்கு 40 அடி அளவு எதற்கு? 20 அடி அளவை வைத்தால் கையின் அதே பிசகு 2 அடியிலிருந்து ஓரடியாகக் குறையும். பட்டர் வாங்கும்போது பலரும் அதிகபட்சத் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை சிறிய அளவுகள் இருக்கின்றன என்பதைப் பாருங்கள்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து பிஜிஏ டூர் 2கே ஆட்டத்தில் ஒரு சொசைட்டி, அதாவது எங்களுக்குள் போட்டி வைக்கும் குழு, நடத்துகிறோம். கிரீன் வேகத்தை உச்சத்தில் வைத்தால் சுவாரசியமாக இருக்கும் என்று வைத்தேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்கள்.
— சென்னை வாசகர்

பதில்: வேகமான தரை திறமையைச் சோதிக்கும், உண்மைதான். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் பந்து நிற்கவே நிற்காது. அந்த எல்லையை எளிதாகக் கணக்கிடலாம். 78-ஐ ஸ்டிம்ப் எண்ணால் வகுத்தால் வரும் சதவீதச் சரிவில் பந்து எங்கும் நிற்காது. வேகம் 10 என்றால் 7.8 சதவீதம், 13 என்றால் 6 சதவீதம். 6 சதவீதம் என்பது 10 அடிக்கு ஏழு அங்குலச் சொச்சம். பார்வைக்கு மிதமாகத் தெரியும் சரிவுதான்.

நிஜத்திலும் இது நடந்திருக்கிறது. 1998 அமெரிக்க ஓப்பனில் ஒலிம்பிக் கிளப்பின் 18-வது குழியை இரண்டாம் நாள் சரிவில் வைத்தார்கள். பெய்ன் ஸ்டூவர்ட் எட்டடியில் இருந்து அடித்த பட் குழியைத் தொடாமல் நழுவி, இருபத்தைந்து அடி தள்ளிப் போய் நின்றது. 2004-இல் அதே போட்டி நடந்த ஷின்னகாக் ஹில்ஸின் 7-வது கிரீனில் பந்து தங்காமல், கடைசி நாள் ஆட்டத்துக்கு நடுவே தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. அனுபவமுள்ள அமைப்பாளர்களுக்கே இப்படி ஆகியிருக்கிறது, நீங்கள் வருந்த வேண்டாம்.

வேகத்தை உயர்த்தினால் கொடியைச் சமமான இடத்துக்கு நகர்த்துங்கள். குழியைச் சுற்றி நான்கு பக்கமும் 3 அடியில் பந்தை வைத்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து மெல்லத் தட்டிய பந்து தவறினால் எங்கே போய் நிற்கிறது? 3, 4 அடிக்குள் நின்றால் அந்த இடம் நியாயமானது. நிற்காமல் ஓடினால் கொடியை மாற்றுங்கள், அல்லது வேகத்தை ஒரு படி குறையுங்கள். எல்லாக் குழிகளிலும் கடினமான இடத்தில் கொடி வைப்பதும் சலிப்பூட்டும். பதினெட்டில் ஆறு கடினம், ஆறு நடுத்தரம், ஆறு எளிது என்று கலந்து வைத்தால் தொடர்ந்து விளையாடுவார்கள். தரையின் இறுக்கத்தையும் வேகத்தையும் ஒன்றாக உயர்த்தாதீர்கள். இறுகிய தரையில் விழும் பந்து துள்ளிப் போகும், வேகமான தரை அதை மேலும் தள்ளிக்கொண்டு போகும். புதியவர்களுக்கு என்ன தவறு செய்தோம் என்றே விளங்காது.

கேள்வி: இத்தனை கணக்கும் போட நேரம் இல்லாத ஆட்டங்களில் என்ன செய்வது? ஷாட்டுக்குக் கடிகாரம் ஓடுகிறதே!
— நாகர்கோவில் வாசகர்

பதில்: கணக்கே தேவைப்படாத இடத்தில் பந்தை விட்டுவைப்பதுதான் வழி. கிரீனுக்கு அடிக்கும் முந்தைய ஷாட்டிலேயே அதை முடிவு செய்துவிடலாம். மேலே பார்த்த எண்களை நினைத்துப் பாருங்கள்: இறக்கத்தில் 24 அங்குல வளைவு, ஏற்றத்தில் 11. குழிக்குக் கீழே 20 அடியில் இருக்கும் பந்து பல நேரம் குழிக்கு மேலே 10 அடியில் இருக்கும் பந்தைவிட நல்லது.

ஆகவே கொடியைப் பார்த்து அடிக்காதீர்கள். கிரீனின் மேல் காமிராவைக் கொண்டுபோகும் வசதி இருந்தால், ஃபேர்வேயில் (கிரீனுக்குப் போகும் புல்வழி) நிற்கும்போதே வாட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, கொடிக்குத் தாழ்ந்த பக்கத்தில் குறி வையுங்கள். பல கிரீன்கள் பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் சரிந்திருக்கும். அங்கே கொடிக்கு முன்னால் விழும் ஷாட்தான் பாதுகாப்பு. எந்த கிளப்பை (பந்தடிக்கும் கோல்) எடுப்பது என்ற சந்தேகம் வந்தால், முன்னால் பள்ளமோ தண்ணீரோ இல்லாத வரை குறைவான தூரம் போகும் கிளப்பை எடுங்கள்.

போட்டியின் பல சுற்றுகளும் ஒரே மைதானத்தில் நடந்தால், முதல் சுற்றில் ஒவ்வொரு குழிக்கும் ஒரே ஒரு குறிப்பு எழுதுங்கள்: கொடியிலிருந்து தாழ்ந்த பக்கம் எது? முன், பின், இடம், வலம் என்று ஒரு சொல் போதும். கொடி இடம் மாறினாலும் கிரீனின் பொதுவான வாட்டம் மாறாது. இரண்டாம் சுற்றில் கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே பதினெட்டுச் சொற்கள் உங்கள் கையில் இருக்கும்.